காதுகுத்தும் கணக்கெடுப்பும்

மருதங்கரையில் தாமரைச்செல்விக்கு இரண்டு பெயர். ஒன்று அப்பா அம்மா வைத்தது. இன்னொன்று ஊர் வைத்தது: வாத்து போஸ்ட்மாஸ்டர்.

ஒத்தக்கடையிலிருந்து திருவாதவூர் போகிற சாலையில் இறங்கி, கண்மாய்க் கரை வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் மருதங்கரை வரும். ஒரே அறை கொண்ட அஞ்சலகம். அதற்குப் போஸ்ட்மாஸ்டர், தபால்காரர், பெருக்கித் துடைப்பவர் எல்லாம் தாமரைதான். தினமும் மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தபால் பையைத் தூக்கிக்கொண்டு கரை வழியாகப் போய் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். அப்படிப் போகும்போதுதான் முந்தின வருஷம் தை மாதத்தில் முதல்முறையாக அதைப் பார்த்தாள்.

கண்மாயின் நடுத்தண்ணீரில் சாம்பல் நிற வாத்துக் கூட்டம். வெள்ளைத் தலை. தலையின் பின்பக்கம், மை தொட்டு இழுத்த மாதிரி இரண்டு கறுப்புக் கோடு. நின்று பார்த்ததில் அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினாள். வரித்தலை வாத்து. இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து, மலைக்கு மேலேயே பறந்து வருவது. ஊரில் நாலு பேரிடம் சொன்னாள். நாலு பேரும் சிரித்தார்கள்.

"அறுப்பு முடிஞ்சா மேய்ச்சல் வாத்து ஓட்டிட்டு வருவாய்ங்கள்ல, அதைப் பாத்துட்டு இமயமலைங்குது போஸ்ட்மாஸ்டர்."

பெயர் அன்றைக்கு விழுந்தது. அதன்பிறகு ஸ்டாம்ப் வாங்க வருகிறவர்கூட, "வாத்து படம் போட்ட ஸ்டாம்ப்பா குடுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். தாமரையும் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஆனாலும் உள்ளே ஒரு முள் இருந்தது. பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னதற்கு இம்புட்டுச் சிரிப்பா?

மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஞானசீலன் என்று உயிரியல் வாத்தியார் இருக்கிறார். வருஷா வருஷம் தை மாதத்தில், ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியூர் தொடங்கி வாடிப்பட்டி வரை பதினான்கு கண்மாய்களில் ஆட்களை நிறுத்தி நீர்ப்பறவைகளை எண்ணுகிறவர். செய்தித்தாளில் வந்த நம்பரைப் பிடித்துத் தாமரை அவருக்குப் போன் போட்டாள். போட்டோவும் அனுப்பினாள். அந்தப் போட்டோவில் தண்ணீர் தெரிந்தது. தண்ணீருக்கு நடுவில் ரேஷன் அரிசி சிந்தினது போல ஏதோ தெரிந்தது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இது மேய்ச்சல் வாத்தா இருக்கலாம்" என்றார் ஞானசீலன்.

"சார், மேய்ச்சல் வாத்துக்குத் தலையில கோடு போட்டுவிட ஆளு வச்சிருக்காங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "சரி, ஒண்ணு செய்வோம். இந்த வருஷக் கணக்கெடுப்புக்கு உங்க கண்மாய்க்கு நானே வர்றேன். அன்னைக்கு நான் கண்ணால பாத்துட்டா, பட்டியல்ல பதினஞ்சாவது கண்மாய் உங்களோடது. வருஷா வருஷம் எண்ணுவோம்."

"பாக்கலைன்னா?"

"பாக்கலைன்னா என்ன, நல்ல காத்து வாங்கிட்டுப் போறேன்."

பேச்சு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அர்த்தம் தாமரைக்குப் புரிந்தது. ஒரே ஒரு காலை. அன்றைக்கு வாத்து கண்ணில் பட்டால் அவள் சொன்னது உண்மை. படாவிட்டால் ஆயுசுக்கும் வாத்து போஸ்ட்மாஸ்டர்.

தேதி வைப்பதில்தான் கோளாறு நடந்தது.

"தை ரெண்டாவது ஞாயிறு, இல்லைன்னா மூணாவது ஞாயிறு. உங்களுக்கு எது வசதி?" என்று மார்கழிக் கடைசியில் ஒருநாள் ஞானசீலன் கேட்டார். தாமரை அப்போது கவுண்டரில் இருந்தாள். எதிரே மூன்று பேர் ஆர்.டி. புத்தகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"முகூர்த்த நாளா இருந்தா மட்டும் வேண்டாம் சார். எங்க ஊர்ல ரேடியோ செட்டு கட்டிருவாய்ங்க. எதுல முகூர்த்தம் இல்லைன்னு காலண்டரைப் பாத்துச் சொல்லுங்க."

ஞானசீலன் சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினார். "ரெண்டுலயும் ஒண்ணும் போடலையே மேடம்."

"அப்ப மூணாவது ஞாயிறே வச்சிருங்க."

அவர் பார்த்தது சர்ச்சில் கொடுத்த காலண்டர். அதில் உபவாசக் கூட்டம் போட்டிருக்கும், கன்வென்ஷன் போட்டிருக்கும், தினத்துக்கு ஒரு வசனம் போட்டிருக்கும். முகூர்த்தம் எப்படிப் போட்டிருக்கும்? அவருக்கு அது தோன்றவில்லை. அவர் வீட்டுக் காலண்டர் எப்படிப்பட்டது என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் புருஷன் ராஜபாண்டி வந்தான். மாட்டுத்தாவணிக்குக் காய்கறி ஏற்றுகிற குட்டியானை வண்டி அவனுடையது. வண்டியை நிறுத்தும்போதே ஹாரன் இரண்டு தடவை அடித்தான். சந்தோஷச் செய்தி என்றால் அப்படித்தான் அடிப்பான்.

"தாமரை! கனகா வீட்ல தேதி வச்சுட்டாங்க. தை மூணாவது ஞாயிறு. நம்ம கரையடியான் கோயில்லயே மொட்டையும் காதுகுத்தும். ஏழரை டு ஒம்பது முகூர்த்தம்."

கனகா அவனுடைய ஒரே தங்கச்சி. இதே ஊரில் கீழத்தெருவில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. கரையடியான் கோயில் இருப்பது கண்மாய்க் கரையில். அவள் மகனுக்குத் தாய்மாமன் ராஜபாண்டி. சீர் போவது இந்த வீட்டிலிருந்து. முதல் தட்டைத் தூக்க வேண்டியவள் தாமரை.

அவள் உடனே ஞானசீலனுக்குப் போன் போட்டாள்.

"ஐயோ மேடம், பதினாலு கண்மாய்க்கும் ஆள் பிரிச்சு, எல்லாருக்கும் மெசேஜ் போயிருச்சே. ஒரே நாள்ல எண்ணினாத்தான் கணக்கு. வேணும்னா உங்க கண்மாயை மட்டும் அடுத்த வருஷம்..."

"வேண்டாம் சார், வாங்க" என்றாள் தாமரை. "நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொள்வது லேசாக இல்லை. ராஜபாண்டி ஏற்கெனவே செண்டை மேளத்துக்கும் அதிர்வேட்டுக்கும் சொல்லிவிட்டான். சீர் கிளம்பும்போது ஒரு வேட்டு, கரை ஏறும்போது ஒரு வேட்டு, கோயில் வாசலில் ஒன்று. கண்மாய்க் கரையில் குண்டு வெடித்தால் தண்ணீரில் ஒரு குருவி மிஞ்சாது.

"ஏங்க, வேட்டு இல்லாம சீர் கொண்டுபோகக் கூடாதா?" என்று சோறு போடும்போது கேட்டாள்.

ராஜபாண்டி கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "தாய்மாமன் சீரு தாமரை! சத்தமில்லாமக் கொண்டுபோய் வச்சா என்ன சொல்லுவாய்ங்க? களவாண்டுட்டு வந்த சாமான் மாதிரி கமுக்கமா கொண்டாந்தான்னு சொல்லுவாய்ங்க."

"எட்டரை மணி வரைக்கும் மட்டுங்க."

"முகூர்த்தம் ஏழரைக்கு. எட்டரைக்கு வேட்டுப் போட்டா காது குத்துனதுக்கா, கறிச்சோத்துக்கா?"

இரண்டு நாள் வீட்டில் பேச்சு ஆமாம், இல்லை என்ற அளவில் நின்றது. மூன்றாம் நாள், முன்பணம் வாங்கிப்போக வேட்டுக்கார வீரணன் வந்தார். தாமரை காப்பியைக் கொடுத்துவிட்டு, ராஜபாண்டியை வைத்துக்கொண்டே நேராக அவரிடம் கேட்டாள்.

"அண்ணே, மூணு வேட்டையும் களத்துமேட்டுலயே போட்டா ஆகாதா?"

களத்துமேடு ஊருக்கு மறுபக்கம். கண்மாயிலிருந்து அரை மைல் இருக்கும். பின்னால் ஒரு கரட்டுப் பாறை.

வீரணன் காப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். தொழில் யோசனை. "தங்கச்சி சொல்றது நல்ல யோசனைதான். கரையில போட்டா சத்தம் தண்ணியோட போயிரும். களத்துமேட்டுல போட்டா பாறையில முட்டித் திரும்பும். ஒரு வேட்டு ரெண்டு வேட்டாக் கேக்கும். திருவாதவூர் வரைக்கும் கேக்கும்."

ராஜபாண்டியின் முகம் மாறியது. "ரெண்டு வேட்டாவா?"

"ரெண்டு வேட்டா."

"அப்ப அங்கேயே போடுங்கண்ணே" என்றான் ராஜபாண்டி, தானே கண்டுபிடித்தது போல.

கனகா அப்படி மடியவில்லை. தாமரை கீழத்தெருவுக்குப் போனபோது அவள் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு வயசுப் பையன் அவள் மடியில் பத்திரிகை ஒன்றைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மதினி, எம்புள்ளைக்கு ஒரு நாளு. அன்னைக்குப் போயி சத்தம் போடாதே, பாட்டுப் போடாதேன்னா? வேட்டைத் தள்ளி வச்சாச்சாம், அண்ணே சொல்லுச்சு. இப்ப ரேடியோ செட்டா?"

"நிறுத்தச் சொல்லல கனகா. குழாயை மட்டும் ஊர்ப்பக்கம் திருப்பிக் கட்டச் சொல்றேன்."

கனகாவின் புருஷன் முத்திருளன் உள்ளே இருந்து குரல் கொடுத்தான். "அதுல என்ன இருக்கு? பாட்டு ஊருக்குத்தானே கேக்கணும். கண்மாய்க்குள்ள யாரு உக்காந்து கேக்கப்போறா?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் கனகா. பிறகு தாமரையைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. கோபமா வருத்தமா என்று அவளுக்கே தெரியாத கலக்கம். "எல்லாம் சரி மதினி. குழாயைத் திருப்பிக்கங்க, மேளத்தைக் கரையில மெதுவா அடிக்கச் சொல்லுங்க. ஆனா முதத் தட்டு நீங்கதான் தூக்கணும். அந்நேரம் வாத்துப் பாத்துட்டு நின்னீங்கன்னு வையுங்க, அதோட நமக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது."

"தெரு முடிஞ்சு கரை ஏறுற இடத்துல நிக்கிறேன். அங்கேயிருந்து தூக்குறேன். போதுமா?"

"சாமி சத்தியமா?"

"கரையடியான் சத்தியமா."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு ஞானசீலனும் அவர் மனைவி ஜாய்ஸும் கரையில் வந்து இறங்கினார்கள். ஜாய்ஸ் வங்கியில் வேலை பார்க்கிறவள். கழுத்தில் சுரைக்காய் நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமரா. ஞானசீலன் முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தினார். தாமரை பட்டுச்சேலையில், தலை நிறைய மல்லிகைப்பூவோடு வந்து நின்றதைப் பார்த்து ஜாய்ஸ் ஆச்சரியப்பட்டாள்.

"பறவை பாக்க பட்டுச்சேலையில வந்த முதல் ஆள் நீங்கதான் அக்கா."

"ஏழே முக்காலுக்கு சீர் தூக்கணும்மா. ரெண்டு வேலை."

பனி தண்ணீர் மேலே புகை மாதிரி கிடந்தது. கிழக்கே வெளிச்சம் ஏற ஏற, கண்மாய் தன் ஆட்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பியது. கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் இறக்கையை விரித்து ஈரம் காயவைத்தன. கூழைக்கடா ஏழு, வரிசையாக, மூக்கை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு மிதந்து வந்தன. அல்லிக்கொடி மேலே நாமக்கோழிகள். ஓரச் சேற்றில் அரிவாள்மூக்கன்கள் தலை நிமிராமல் வேலை பார்த்தன. ஞானசீலன் ஒரு பக்கமிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். ஜாய்ஸ் எழுதினாள்.

"நாமக்கோழி இருநூத்திப் பத்து. நத்தைகொத்தி நாரை அறுபத்தெட்டு. ஊசிவால் வாத்து... அடேயப்பா, நாப்பத்தொண்ணு. மேடம், இப்படி ஒரு கண்மாயை இத்தனை வருஷம் விட்டுட்டோமே!"

தாமரைக்குப் பூரிப்பாக இருந்தது. ஆனால் அவள் கண் நடுத்தண்ணீரிலேயே இருந்தது. நடுத்தண்ணீர் காலியாக இருந்தது.

ஏழு மணி. ஏழேகால். கோயில் பக்கம் ரேடியோ செட் கரகரத்து, ஊரைப் பார்த்துப் பாட ஆரம்பித்தது. சொன்னபடி குழாய்கள் திரும்பித்தான் இருந்தன. தண்ணீரில் ஒன்றிரண்டு தலைகள் நிமிர்ந்து, பிறகு குனிந்துகொண்டன.

ஏழரைக்கு ஞானசீலன் தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் தாமரைக்குத் தாங்கவில்லை.

"நேத்து மத்தியானம்கூட இருந்துச்சு சார். இதோ, அந்தப் பட்டமரத்துக்கு நேரே."

"மத்தியானமா?" என்றார் அவர். "மேடம், நீங்க எப்பவும் எத்தனை மணிக்குப் பாப்பீங்க?"

"ஒன்றரைக்கு. தபால் பை கொண்டுபோகும்போது."

"காலையில எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

தாமரை யோசித்தாள். காலையில் அவள் எப்போது கரைக்கு வந்திருக்கிறாள்? ஆறு மணிக்கு அடுப்பு. ஏழு மணிக்கு வண்டிக்குப் போகிற புருஷனுக்குச் சாப்பாடு. எட்டு மணிக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். "இல்ல சார்" என்றாள்.

ஞானசீலன் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "இதை நான் முதல்லயே கேட்டிருக்கணும். மேய்ச்சல் வாத்துன்னு முடிவு பண்ணிட்டதால கேக்கல. வரித்தலை வாத்து ராத்திரியும் விடியக்காலமும் வயல்ல மேயும் மேடம். வெயில் ஏறினதும் தண்ணிக்கு வந்து தூங்கும். இப்ப எங்கேயாவது அறுத்த வயல்ல கிடக்கும்."

"அப்ப மத்தியானம் வரைக்கும் இருங்களேன் சார்."

"எட்டரைக்கு நான் அடுத்த கண்மாயில நிக்கணும். அங்க எண்ணுறவங்களுக்குப் பழக்கமில்ல, என்னை எதிர்பாத்துட்டு இருப்பாங்க." அவர் கொஞ்சம் தயங்கினார். "நான் நம்புறேன் மேடம். ஆனா பாக்காததை எழுத முடியாது. அடுத்த வருஷம் வர்றேன்."

நம்புகிறேன் என்று சொன்ன விதத்தில், முழுசாக நம்பவில்லை என்பதும் இருந்தது. தாமரை தலையாட்டினாள். அப்போதுதான் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை அவளுக்குச் சுருக்கென்றது. அறுத்த வயல்.

இந்த வருஷம் நடவு பிந்திப்போனது. கண்மாய்ப் பாசனத்தில் கதிர் இன்னும் நிற்கிறது. மொத்த ஊரிலும் அறுத்துப் போட்டிருப்பது ஒரே இடம்தான். கிணற்றுப் பாசனம் உள்ள களத்துமேட்டு வயல்கள்.

வேட்டைக் கொண்டுபோய் வாத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்!

ராஜபாண்டிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. செண்டை மேளம் தெருவில் முழங்குவது இங்கேயே கேட்டது. அதற்குள் நிற்கிறவனுக்குப் போன் சத்தம் எங்கே கேட்கும்? வீரணனுக்குப் போட்டாள். அவர் எடுத்தார்.

"அண்ணே, போட்டுராதீங்க! அங்க வயல்ல வாத்து..."

"கேக்கல தங்கச்சி. பயப்படாதே, சீரு கிளம்பிருச்சு, இதோ பத்தவச்சுட்டேன்" என்றார் வீரணன். போன் வைக்கப்பட்டது.

வேட்டு வெடித்தது. பாறையில் முட்டி இன்னொரு தடவை வெடித்தது. வீரணன் பொய் சொல்லவில்லை, இரண்டு வேட்டாகத்தான் கேட்டது. கண்மாயில் நாரைகள் கழுத்தை நீட்டின. ஊசிவால் வாத்துகள் ஒரு வட்டம் சுற்றி, பழைய இடத்திலேயே இறங்கின.

தாமரை கரையில் நின்றபடி களத்துமேட்டுத் திசையைப் பார்த்தாள். பாறைக்கு இந்தப் பக்கம் ஏதோ எழும்பியது. முதலில் புகை என்று நினைத்தாள். புகை இப்படி இரண்டாகப் பிரியாது. பிரிந்தது, சேர்ந்தது, தென்பக்கம் திரும்பியது. தெற்கே போனால் போனதுதான். அந்தப் பக்கம் எத்தனை கண்மாய்! ஞானசீலன் தொலைநோக்கியைத் திருப்பக்கூட நேரமில்லாமல் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"ஜாய்ஸ், கேமராவை எடு!"

கூட்டம் தெற்கே கொஞ்ச தூரம் போனது. பிறகு முன்னால் பறந்த ஒன்று சாய்ந்தது. அதன் பின்னால் மற்றவை சாய்ந்தன. தேங்காய் நார்க் கயிற்றை ஒரு முனையில் பிடித்து உதறினது போல, வரிசை முழுக்க வளைந்து கண்மாயைப் பார்த்துத் திரும்பியது. ஊர்க்கூரைகளுக்கு மேலே தாழ்வாக, ஆங், ஆங் என்று மூக்கால் கத்திக்கொண்டு வந்தது. கரைக்கு மேலே கடந்தபோது இறக்கைகளின் விசிறல் காதில் விழுந்தது. வெள்ளைத் தலைகள். இரண்டு கறுப்புக் கோடுகள். மஞ்சள் கால்களை முன்னே நீட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடுக்கண்மாயில் இறங்கின. பட்டமரத்துக்கு நேரே.

ஜாய்ஸின் கேமரா தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஞானசீலன் உதடு அசைய எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"நாப்பத்தி மூணு" என்றார். "மேடம், நாப்பத்தி மூணு வரித்தலை வாத்து."

தாமரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மேய்ச்சல் வாத்துன்னு சொன்னதுக்கு..." என்று அவர் ஆரம்பித்தார்.

"விடுங்க சார். ஊரே சொல்லுச்சு. நீங்க நேர்ல வந்தாவது பாத்தீங்க."

அதற்குள் சீர் கரையடிக்கு வந்துவிட்டது. பட்டு வேட்டியில் ராஜபாண்டி, பின்னால் இருபது தட்டு, அதற்குப் பின்னால் மேளம். மேடேறுகிற லாரி மாதிரி சத்தம். ராஜபாண்டி மேலே அண்ணாந்துகொண்டேதான் வந்தான். தலைக்கு மேல் போன கூட்டத்தை அவனும் பார்த்திருந்தான். பொண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். பிறகு யாரையும் கேட்காமல் கையை உயர்த்தினான்.

"மேளத்தை நிறுத்துப்பா!"

மேளம் நின்றது. சீர் நடுவழியில் நின்றது. "இதுதானா தாமரை?" என்று கேட்டுக்கொண்டே கரை ஏறினான்.

"இதுதாங்க."

ஞானசீலன் தொலைநோக்கியைக் காட்டினார். ராஜபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தான். ரொம்ப நேரம் நிமிரவில்லை. "அடேயப்பா. நெசமாவே கோடு இருக்கு. ஏய், வந்து பாருங்கப்பா, ரெண்டு கோடு!"

அவ்வளவுதான். தட்டுகள் கரைப் புல்லில் இறங்கின. பெண்கள் வரிசை கட்டினார்கள். செண்டைக்காரர்கள் வரிசை கட்டினார்கள். அவர்களுக்கு முன்னால் காது குத்த வந்த ஆசாரி, கையில் ஊசி டப்பாவோடு நின்றார். தபாலாபீஸ் வாசலில் தினமும் கேலி பேசுகிற நல்லகாமன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, "போஸ்ட்மாஸ்டரம்மா, இதுக என்ன தீனி திங்கும்?" என்று மரியாதையாக விசாரித்தார்.

கோயில் ரேடியோ செட்டில் பாட்டு நின்று மைக் கரகரத்தது. முத்திருளனின் குரல். "சீர் கொண்டுவரும் மச்சான் எங்கிருந்தாலும் உடனடியாகக் கோயில் வாசலுக்கு வரவும். ஆசாரியையும் காணவில்லை. ஆசாரியும் வரவும்."

யாரும் அசையவில்லை. ஐந்து நிமிடத்தில் கனகாவே வந்துவிட்டாள். இடுப்பில் மொட்டைத்தலைப் பையன், தலையில் சந்தனம் ஈரமாக. வருகிற வேகத்தில் கரைமண் பறந்தது.

"என்னண்ணே இது? மேளத்தைக் காணோம், சீரைக் காணோம், ஒம்பது மணியோட முகூர்த்தம் முடியுது, இங்க நின்னு எல்லாரும் பயாஸ்கோப் பாக்குறீங்களா? மதினி, சத்தியம் பண்ணீங்கள்ல!"

"கரை ஏறுற இடத்துலதானே நிக்கிறேன் கனகா."

"பேச்சைப் பாரு, பேச்சை!"

"வந்ததுக்கு ஒருவாட்டி பாத்துட்டுத்தான் திட்டேன்" என்று ராஜபாண்டி பையனைக் கையில் வாங்கிக்கொண்டான்.

கனகா முறைத்துக்கொண்டே குனிந்தாள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டாள்.

"தண்ணிக்குள்ள ஒண்ணு தலையை முங்கி முங்கி எந்திரிக்குது" என்றாள் மெதுவாக. "எங்க இருந்து வருதுகளாம்?"

"இமயமலைக்கு அங்கிட்டு இருந்து" என்றாள் தாமரை.

"அம்புட்டுத் தூரமா? பறந்தேவா?" கனகா நிமிர்ந்தாள். முகத்தில் கோபத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. "எம்புள்ள காதுகுத்துக்கு மேலூர்ல இருக்குற நாத்தனாரே இன்னும் வந்து சேரல. இதுக வந்துருச்சுக பாருங்க."

கரை முழுக்கச் சிரிப்பு. ஞானசீலன் சிரித்துக்கொண்டே அட்டையில் வைத்திருந்த படிவத்தில் பதினைந்தாவது வரியைத் தொடங்கினார். கண்மாயின் பெயர்: மருதங்கரைப் பெரிய கண்மாய். பக்கத்தில், உள்ளூர்ப் பொறுப்பாளர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தாமரைசெல்வி என்று எழுதி, அவளிடம் காட்டினார். அவள் பேனாவை வாங்கி, விட்டுப்போன ‘ச்’ ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தாள்.

"அடுத்த வருஷம் நீங்களே எண்ணணும்" என்றார் அவர்.

"எண்ணிருவோம் சார். ஆனா தேதியை நான் வைக்கிறேன். உங்க காலண்டர் வேண்டாம்."

அவர் அடுத்த கண்மாய்க்குப் போன் போட்டு, வர ஒன்பதரை ஆகும், அதுவரை தெரிந்ததை எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வேட்டி கட்டாததற்காக வருத்தப்பட்டுக்கொண்டு சீரோடு சேர்ந்துகொண்டார். ஜாய்ஸ் கையில் யாரோ ஒரு வாழைப்பழத் தட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

தாமரை முதல் தட்டைத் தூக்கித் தலையில் வைத்தாள். தேங்காய், பழம், மேலே பையனுக்கு எடுத்த பட்டுச்சட்டை. நல்ல கனம். மிச்ச இரண்டு வேட்டும் வேண்டாமென்று ராஜபாண்டி வீரணனுக்குப் போனில் சொல்லிவிட்டான். மேளம் சொன்னபடி அடக்கி வாசித்தது. அப்படி வாசித்தபோது முன்னைவிட நன்றாகவே இருந்தது.

எட்டு ஐம்பதுக்குக் கரையடியான் சந்நிதியில், ராஜபாண்டி மடியில் பையனை உட்காரவைத்து ஆசாரி ஊசியை எடுத்தார். முதல் காதில் குத்தினதுமே பையன் போட்ட அலறலில் பூசாரி மணியடிப்பதை மறந்துவிட்டார். தாமரை பதறிப்போய்க் கண்மாயைத் திரும்பிப் பார்த்தாள்.

நடுத்தண்ணீரில் நாற்பத்து மூன்றும் கழுத்தை முதுகில் செருகிக்கொண்டு தூங்க ஆரம்பித்திருந்தன.